இடைவரியில் நின்ற செபம்

வயது முதிர்ந்த சாரதிகள் தம் அனுமதிப்பத்திரத்தைப் புதுப்பிக்க வரும்போது மீண்டும் ஒருமுறை வீதியில் ஓட்டிக் காட்ட வேண்டுமா என்பது இப்போது பலரும் பேசும் கேள்வியாகிவிட்டது. முன்னர் என்னோடு பணியாற்றி, இன்று பொறுப்பான இடங்களில் இருக்கும் இரண்டொருவர் வீட்டுக்கு வந்து, "அண்ணை, நீங்கள் அந்த வேலையை வன்னிக்குள்ளை இருந்து செய்தனீங்கள். உங்கடை அபிப்பிராயத்தை எழுதித் தாங்கோ" என்று கேட்டனர். அபிப்பிராயம் எழுதுவது எனக்குக் கைவராது. மோட்டார் வாகனப் பரிசோதகராக இருந்த காலத்தில் கண்டதையும் கேட்டதையும் எழுதலாம். எனக்கும் எழுபது கடந்துவிட்டது. என் அனுமதிப்பத்திரமும் புதுப்பிக்க வேண்டிய நாளை நெருங்குகிறது. இறைவன் திருவடியை நினைந்து, நினைவில் நிற்பதை மட்டும் எழுதுகிறேன்.

பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கொழும்பில் பயின்றேன், யாழ்ப்பாணத்தில் சில ஆண்டுகள் இருந்தேன், பின்னர் கிளிநொச்சிக்கு மாற்றலாகி வந்தேன். பயிற்சியில் இருந்து இன்றும் மனத்தில் நிற்பவை, பிரேக் பிடித்த தடத்தை அளக்கும் நீண்ட நாடாவும் விடுதிச் சோற்றில் அகப்படும் கல்லும்தான். நான் தொழில் கற்றது மல்லாவியில்.

போரால் கிளிநொச்சி நகரம் முழுவதும் இடம்பெயர்ந்தபோது எங்கள் அலுவலகமும் மல்லாவிக்கு வந்தது. அலுவலகம் என்றால் ஓர் ஓலைக் கொட்டகை, இரண்டு மேசைகள், சில கதிரைகள், முற்றத்தில் பெரிய பாலை மரம். தலைமைப் பரிசோதகராக அருளம்பலம் ஐயா இருந்தார். அவருக்குக் கீழே நான்.

அக்காலத்தில் எங்களிடம் ஒரு நடைமுறை இருந்தது. ஆட்களை வாடகைக்கு ஏற்றும் சாரதி அறுபத்தைந்து வயதைக் கடந்துவிட்டால், புதுப்பிக்கும்போது மருத்துவச் சான்று கொண்டுவருவதோடு வீதிச் சோதனைக்கும் மீண்டும் வரவேண்டும். மருத்துவச் சான்றில் இரத்த அழுத்தம் எழுதப்பட்டிருக்கும். கண்ணைப் பற்றிய இடம் பெரும்பாலும் வெறுமையாகவே இருக்கும். கண் வைத்தியரைக் காண வேண்டுமாயின் எல்லை கடக்கப் பாஸ் எடுத்து வவுனியாவுக்குப் போக வேண்டும். பலருக்கு அது நடவாத காரியம். ஆகவே கண்ணையும் நாங்களே பார்த்தோம். பாலை மரத்தடியில் ஒருவரை நிறுத்தி, படலைக்கு அப்பால் நிற்கும் வாகனத்தின் இலக்கத் தகட்டை வாசிக்கச் சொல்வோம். பிறகு இரண்டு எண்ணெய்ப் பீப்பாக்களுக்கிடையே காரைப் பின்னுக்கு எடுக்க வேண்டும். ஏற்றத்தில் நிறுத்தி வழுகாமல் எடுக்கும் சோதனைக்கு வன்னியில் மலை ஏது? குளக்கட்டில் ஏறும் சரிவில் அதைச் செய்தோம். இறுதியில் வீதி ஓட்டம்.

முதியவர்களின் சோதனையை ஐயா என்னிடம் தனியே விட்டதில்லை. முதியவர் ஒருவர் படலையைத் திறந்தால், கையில் உள்ள வேலையை அப்படியே வைத்துவிட்டு எழுந்து நிற்பார். அவர் அமர்ந்த பின்னரே தாம் அமர்வார். காரில் ஏறினால் இரு கைகளையும் முழங்கால்மேல் வைத்துக்கொண்டு, "இடப்பக்கம்", "வலப்பக்கம்", "நிப்பாட்டுங்கோ" என்ற மூன்றைத் தவிர வேறு சொல் பேசமாட்டார். ஒருவர் தேறவில்லையென்றால் அதைக் கொட்டகைக்குள் மற்றவர் முன்னிலையில் சொல்லமாட்டார். காரின் அருகில், தாமும் நின்று, அவரையும் நிற்கவைத்துச் சொல்வார். அறிக்கையில் 'தகுதியற்றவர்' என்று அவர் எழுதி நான் கண்டதில்லை. 'பணியிலிருந்து விடுவிக்கப்பட்டார்' என்றே எழுதுவார்.

செட்டிகுளத்திலிருந்து இடம்பெயர்ந்து வந்த லொறிச் சாரதி ஒருவர் குளக்கட்டுச் சரிவில் மூன்று முறையும் பின்னோக்கி வழுகினார். அனுமதிப்பத்திரத்தை வாங்கிவரும்படி ஐயா என்னை அனுப்பினார். நான் அவரிடம் கையை நீட்டினேன். ஐயா பின்னால் வந்து என் தோளைத் தொட்டு விலக்கிவிட்டு, தாமே இரு கைகளையும் ஏந்தி அந்தச் சிறிய புத்தகத்தை வாங்கினார். கருவறையிலிருந்து குருக்கள் தரும் மாலையை நாம் எப்படி ஏந்துவோமோ, அப்படி இருந்தது. அந்த மனிதர் அழவில்லை. "சரி ஐயா" என்று சொல்லிவிட்டு, லொறியின் முன்பக்கத்தை ஒருமுறை தடவிவிட்டுப் போனார். அன்றிலிருந்து நானும் இரு கைகளாலேயே வாங்கினேன்.

இனி, நான் சொல்ல வந்த சோதனை.

சூசைப்பிள்ளை முல்லைத்தீவுக் கரையோரத்தைச் சேர்ந்த கத்தோலிக்கர். தகப்பனும் சகோதரர்களும் கடற்றொழிலாளர். இவர் மட்டும் இளமையிலேயே கரைக்கு வந்து வாடகைக் கார் ஓட்டியவர். இடம்பெயர்ந்து உடையார்கட்டில் குடியிருந்தார். அவருடைய பழைய ஒஸ்ரின் கார்தான் அந்தச் சுற்றுவட்டத்தில் நோயாளரையும் பிள்ளைப்பேற்றுக்கு நாள் நெருங்கிய பெண்களையும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசென்றது. வேறு கார் இல்லை. காரோட்டும் அனுமதி பெற்ற வேறு ஆளும் இல்லை. அறுபத்தேழு வயதில் அவர் எங்களிடம் சோதனைக்கு வந்தபோது, அவருடைய அனுமதிப்பத்திரத்தோடு அந்த ஊரின் அவசரங்கள் எல்லாம் சேர்ந்தே வந்தன.

அவரோடு மனைவி திரேசம்மாவும் வந்திருந்தார். வெள்ளைச் சேலை, கழுத்தில் செபமாலை. சோதனைக் காரில் உறவினர் எவரும் ஏறக் கூடாது என்பது விதி. நான் அதைச் சொன்னேன்.

"தம்பி, நான் வராட்டி இந்தக் கார் வெளிக்கிடாது" என்றார் அவர்.

அது உண்மைதான். பெற்றோல் இல்லாத காலம் அது. கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. மண்ணெண்ணெயில் ஓடும் இயந்திரம் மண்ணெண்ணெயில் விழிக்காது. ஒருவர் முன்மூடியைத் திறந்து, சிறிய போத்தலிலிருந்து சில துளி பெற்றோலை இயந்திரத்தின் வாயில் விட, மற்றவர் உள்ளே இருந்து ஸ்ராட் பண்ண வேண்டும். வழியில் நின்றுவிட்டால் மறுபடியும் அதே வேலை.

திரேசம்மா போத்தலைச் சரித்தார். உள்ளேயிருந்து சூசைப்பிள்ளை தலையை நீட்டினார்.

"பாத்து விடு, பாத்து விடு! அது தீர்த்தமில்லை, அள்ளித் தெளிக்க."

"இந்த மனிசன் பெற்றோலைப் பாக்கிற கவனத்திலை கால்வாசி என்னைப் பாத்திருந்தால் நான் இண்டைக்கும் குமரியாய் இருந்திருப்பன்" என்று அவர் எங்களைப் பார்த்துச் சொன்னார். ஐயாவின் முகத்தில்கூடச் சிரிப்பு வந்தது. "அவாவும் வரட்டும். பின்னுக்கு இருக்கட்டும்" என்றார்.

இலக்கத் தகட்டைச் சூசைப்பிள்ளை தடங்கலின்றி வாசித்திருந்தார். பீப்பாக்களுக்கிடையே ஒரே எடுப்பில் பின்னுக்கு வந்தார். குளக்கட்டில் கார் ஒரு விரலளவும் வழுகவில்லை. பிறகு துணுக்காய் வீதியில் ஓட்டம் தொடங்கியது. முன்னால் அவரும் ஐயாவும். பின்னால் திரேசம்மாவும் நானும்.

கார் நகர்ந்ததும் அம்மா செபமாலையைக் கையில் எடுத்து மெல்லிய குரலில் சொல்லத் தொடங்கினார். எனக்கு அது உவப்பாகவே இருந்தது. நானும் பயணம் புறப்பட்டால் மனத்துக்குள் ஒரு பதிகத்தைத் தொடங்குவது வழக்கம். அவருடைய செபமும் என் பதிகமும் அருகருகே போய்க்கொண்டிருந்தன.

சூசைப்பிள்ளையின் ஓட்டம் நேர்த்தியாக இருந்தது. வீதியோரத்தில் மாடு நின்றால் வேகம் முன்னமே தணிந்தது. ஒழுங்கையிலிருந்து சைக்கிள் வெளிப்படும் இடத்தில் கார் தானாக மெல்ல ஊர்ந்தது. இப்படி ஓட்டும் முதியவரை நான் கண்டதில்லை என்று எண்ணிக்கொண்டேன்.

சிறிது தூரம் சென்றதும் என் மனத்தில் ஏதோ இடறியது. என்னவென்று உடனே விளங்கவில்லை. சிறுவயது முதல் கோயிலில் ஓதி வளர்ந்தவன் நான். ஓதுபவர் எந்த இடத்தில் மூச்சு வாங்குவார், எந்த இடத்தில் வாங்கமாட்டார் என்பது என் காதுக்குத் தெரியும். அந்தச் செபம் எனக்கு அந்நியமானது; ஆயினும் மீண்டும் மீண்டும் ஒரே வாசகம் வருவதால் அதன் தாளம் பிடிபட்டிருந்தது. அம்மா அடிக்கடி ஒரு சொல்லின் நடுவிலேயே நிறுத்தினார். மூச்சு வாங்கும் இடம் அதுவன்று. பக்தியோடு சொல்லும் எவரும் அங்கே நிறுத்தமாட்டார்.

நான் திரும்பிப் பார்த்தேன். விரல்கள் மணியை உருட்டிக்கொண்டிருந்தன. கண்கள் மட்டும் மூடாமல், இடப்பக்கமும் வலப்பக்கமும் ஓயாமல் அலைந்தன. ஓர் ஆட்டுக்கூட்டம் இடப்புறப் பற்றையிலிருந்து எட்டிப் பார்த்தது. செபம் நின்றது. அந்தக் கணமே காரின் வேகம் தணிந்தது. ஆடுகள் பின்வாங்கின. செபம் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. வேகமும் கூடியது.

இலக்கத் தகடு நேர் எதிரே இருந்ததால் அவர் வாசித்துவிட்டார். பீப்பாக்களைத் தலையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார். நேரே உள்ளதை அவர் காண்கிறார். பக்கங்கள் அவருக்கு இல்லை. பக்கங்களை மனைவியின் நாவு காவல் செய்கிறது. எச்சரித்து ஒரு சொல்லும் சொல்லாமல், நிறுத்துவதன் மூலமே சொல்கிறது. பின்னிருக்கையில் இருந்துகொண்டே, இரண்டு பரிசோதகர்களின் முன்னிலையில்.

நான் குனிந்து மெதுவாகச் சொன்னேன்: "அம்மா, இடையிலை நிப்பாட்டாதேங்கோ. முழுக்கச் சொல்லுங்கோ."

அவர் என்னைப் பார்த்தார். நான் அறிந்துகொண்டேன் என்பதை அறிந்துகொண்டார். அந்தப் பார்வையில் மன்றாட்டும் இல்லை, கோபமும் இல்லை. பிள்ளைக்குக் காய்ச்சல் என்று வைத்தியர் சொல்லக் கேட்கும் தாயின் முகம் அது. திரும்பவும் மணியைப் பிடித்தார். இம்முறை நிறுத்தாமல் சொன்னார். கார் சற்று வேகம் பிடித்தது. செபம் ஓடினால் வழி துப்புரவு என்பது ஓட்டுபவரின் கணக்கு.

முன்னே ஒரு சந்தி. இடப்புறக் கிரவல் பாதையிலிருந்து விறகுக் கட்டோடு ஒருவர் சைக்கிளை உருட்டியபடி வீதிக்கு ஏறிக்கொண்டிருந்தார். நான் கண்டேன். திரேசம்மாவும் கண்டார். ஆனாலும் செபம் நிற்கவில்லை. முன்னே இருந்தவரின் தலை அசையவில்லை. ஐயாவின் கை முழங்காலை விட்டு உயர்ந்தது.

"நில்லுங்கோ! ஐயோ, நில்லுங்கோ!"

கத்தியவர் திரேசம்மா. கார் குலுங்கி நின்றது. சைக்கிள்காரர் விறகோடு ஓரத்தில் சாய்ந்தார். காயமில்லை. இயந்திரம் அணைந்துவிட்டது. அந்த அமைதியில் செபமாலை மணிகள் ஒன்றோடொன்று உரசும் ஓசை மட்டும் கேட்டது.

ஐயா இறங்கினார். சூசைப்பிள்ளையும் இறங்கி, விறகுக்காரரிடம் சென்று சைக்கிளைத் தூக்கி நிறுத்தினார். பிறகு ஐயாவின் முன்னால் வந்து நின்றார். முதலில் பேசியவர் அவரே.

"ஐயா, தோணியிலை ஒருத்தன் முன்னணியத்திலை நிண்டு பாப்பான். பின்னாலை இருக்கிறவன் சுக்கான் பிடிப்பான். பிடிக்கிறவனுக்கு முன்னுக்கு ஒண்டும் தெரியாது. அவன்ரை வாயைக் கேட்டுத்தான் திருப்புவான். எங்கடை கரையிலை அப்பன் பாட்டன் எல்லாரும் அப்பிடித்தான் ஓடினவை. ஒரு தோணியும் முட்டினதில்லை. நானும் இவளும் அப்பிடித்தான் ஓடுறம். அது பிழையோ?"

அவர் ஏமாற்றியவராகப் பேசவில்லை. தம் குலத்தின் முறை ஒன்றைத் தரைக்குக் கொண்டுவந்தவராகவே பேசினார்.

"பிழையில்லைப் பெரியவர், கடலிலை" என்றார் ஐயா. "கடலிலை குறுக்கை பள்ளிக்கூடப் பிள்ளை ஓடி வராது."

சூசைப்பிள்ளை தலை குனிந்தார். பின்னர், "எனக்காகக் கேக்கேல்லை. பிள்ளைத்தாச்சியள் நாளை எண்ணிக்கொண்டு இருக்கிதுகள். வலி கண்டால் ஆரிட்டைப் போகுங்கள்?" என்றார்.

"ஊரிலை வேறை ஓட்டத் தெரிஞ்ச ஆள் இல்லையோ?"

"முத்தையா இருக்கிறான். மலைநாட்டிலையிருந்து வந்து காணி செய்யிறவன். உழவு மெசின் நல்லா ஓட்டுவான். காருக்கு லைசன் இல்லை."

"நாளைக்கே அனுப்புங்கோ. அவர் வந்து சேருற நேரத்துக்கு நான் சோதிக்கிறன். தேறினால் அண்டைக்கே கடதாசி குடுப்பன்" என்றார் ஐயா. பிறகு இரு கைகளையும் ஏந்தினார்.

சூசைப்பிள்ளை சட்டைப் பையிலிருந்து அனுமதிப்பத்திரத்தை எடுத்தார். கொடுக்கும் முன் நெற்றியிலும் மார்பிலும் தோள்களிலும் சிலுவை அடையாளம் வரைந்தார். ஐயா அதைப் பெற்றுக்கொண்டு கண்களில் ஒற்றினார். திருநீறு அணிந்த ஒருவர், வீதியோரத்தில், பழைய அரசாங்கக் கடதாசி ஒன்றைக் கண்களில் ஒற்றியதை நான் அன்று கண்டேன்.

திரேசம்மா காரை விட்டு இறங்கவில்லை. "நான் கத்தாமல் விட்டிருக்கலாம்" என்று தமக்குள் சொன்னார். "எண்டாலும் அந்த மனிசன்ரை விறகுச் சைக்கிள்..."

அவர்களை வீடு சேர்க்கும் பொறுப்பு எனக்கு வந்தது. காரைக் கொட்டகைக்குக் கொண்டுவந்து, நான் திரும்பி வருவதற்காக என் சைக்கிளை அதன் கூரையில் கட்டினோம். கட்டும்போது ஐயாவிடம் செபத்தைப் பற்றிச் சொன்னேன்.

"எனக்குச் செபம் விளங்காது" என்றார் அவர். "நான் அவரின்ரை கழுத்தைத்தான் பாத்தனான். ஓட்டுறவனுக்கு முதல் தலை திரும்பும், பிறகு வேகம் குடுக்கிற கால் தூக்கும். அவருக்குக் கால் முதல் தூக்கினது, தலை பிந்தித்தான் திரும்பினது. ஏனெண்டு விளங்காமல் இருந்தனான்."

மாங்குளம், ஒட்டுசுட்டான் வழியாக உடையார்கட்டுக்கு நீண்ட பயணம். நான் ஓட்டினேன். சூசைப்பிள்ளை என் இடப்பக்கத்தில், வாழ்வில் முதன்முறையாகத் தம் காரின் அந்த இருக்கையில் அமர்ந்திருந்தார். பின்னால் திரேசம்மா செபமாலையைத் தொடங்கினார். மாடு கண்டால் குரல் நின்றது. சைக்கிள் கண்டால் நின்றது. அவர் நிறுத்தும் ஒவ்வொரு முறையும் சூசைப்பிள்ளையின் வலக்கால், பிரேக் இல்லாத தகட்டை அழுத்தும் ஓசை கேட்டது. இருவருக்கும் அது தெரிந்திருக்கவில்லை. நான் வீதியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. கண்ணீர் மறைத்த இடங்களில் வேகத்தைத் தணித்தேன்.

ஒட்டுசுட்டானைக் கடந்தபின் சூசைப்பிள்ளை தம் காலைப் பார்த்தார். இரு கைகளாலும் முழங்காலைப் பிடித்து மெல்லப் பின்னுக்கு இழுத்து வைத்தார்.

"திரேசம்மா."

"என்ன?"

"இனி நிப்பாட்டாமல் சொல்லு. தம்பிக்குக் கண் தெரியும்."

பிறகு செபம் தொடங்கியது. அதன் முழு நீளத்தையும் அன்றுதான் கேட்டேன்.

முத்தையா மறுநாள் மாலையே வந்தார், தேறினார். அந்தக் கார் தொடர்ந்து ஓடியது. பாதையின் குழிகளையும் குறுக்கு வழிகளையும் சொல்லிக்கொண்டு சூசைப்பிள்ளை பக்கத்து இருக்கையில் சில ஆண்டுகள் இருந்தார் என்று பின்னர் அறிந்தேன். ஐயா தம் சோதனை முறையில் ஒன்றைச் சேர்த்தார். முதியவரை எதிரே அமர்த்தித் தம் மூக்கை மட்டும் பார்க்கச் சொல்வார். தம் இரு கைகளையும் அகல விரித்து, ஒரு விரலை அசைத்தபடி மெல்ல முன்னுக்குக் கொண்டுவருவார். விரல் தெரிந்ததும் சொல்ல வேண்டும். ஓய்வுபெறும் வரை நானும் அதையே செய்தேன். எத்தனையோ முதியவர்கள் அந்த விரலை உடனே கண்டு சிரித்துக்கொண்டே போனார்கள். சிலர் காணவில்லை. வயதை மட்டும் வைத்து அவர்களைப் பிரித்திருந்தால் இரு பக்கமும் அநீதி செய்திருப்போம்.

கேட்டவர்களுக்கு இதையே அனுப்பலாம் என்று இவ்வளவையும் எழுதி வைத்திருந்தேன். சென்ற வெள்ளிக்கிழமை நடந்ததையும் சேர்க்க வேண்டியதாயிற்று.

வழக்கம்போல் நானும் மனைவியும் காலையில் கோயிலுக்குப் புறப்பட்டோம். நான் ஓட்டினேன். அவர் அருகிலிருந்து பதிகம் பாடிக்கொண்டு வந்தார். குளத்தடி வளைவைத் தாண்டும்போது, ஓர் அடியின் நடுவில், மூச்சு வாங்காத இடத்தில் அவர் குரல் நின்றது. என் கால் தானாக உயர்ந்தது. அதன் பிறகே என் தலை திரும்பியது. இடப்பக்கம், கைக்கெட்டும் தூரத்தில், பால் கொண்டுபோகும் பெண்ணொருத்தி சைக்கிளில் எங்களைக் கடந்துகொண்டிருந்தாள். அவளை நான் கண்டிருக்கவில்லை.

காரை ஓரத்தில் நிறுத்தினேன்.

"ஏனப்பா நிப்பாட்டினனீங்கள்?" என்றார்.

"நீர் ஏன் நிப்பாட்டினனீர்?"

அவர் தம் மடியில் கிடந்த கைகளைப் பார்த்தார். இது முதல் தடவை அன்று என்பது எனக்கு அப்போது விளங்கியது.

"எவ்வளவு காலமாய்?" என்று கேட்டேன்.

"தைப்பொங்கலுக்குப் பிறகு. உங்களுக்குச் சொல்ல மனம் வரேல்லை."

கோயில் கோபுரம் தெரியும் தூரம்தான். சாவியைத் திருப்பி இயந்திரத்தை அணைத்தேன். அனுமதிப்பத்திரத்தை எடுத்து நீட்டினேன். அவர் இரு கைகளையும் ஏந்தி வாங்கினார். காரைப் பூட்டிவிட்டு நடந்தோம். விட்ட அடியை அவர் முதலிலிருந்து எடுத்துப் பாடினார். கோயில் வாசல்வரை அது எங்கும் முறியவில்லை.